சுவருக்கு ஜுரம் பார்த்தார்கள்!

பிள்ளைப்பேறு பார்க்க மகள் வீட்டுக்குப் போகிற அம்மாக்கள் என்னென்ன கட்டிக்கொண்டு போவோம்? சுக்கு, ஓமம், பூண்டு லேகியம், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த மெத்தென்ற துணிகள். நானும் அவற்றையெல்லாம் ஒரு பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டுதான் சென்ற டிசம்பரில் இங்கிலாந்தில் உள்ள பிரிஸ்டல் நகரத்துக்குப் போனேன். திரும்பும்போது பெட்டி காலி. ஆனால் சுவரைப் பற்றி ஒரு பாடம் கற்றுக்கொண்டு வந்தேன். குளிர் தேசத்தில் மகளோ மருமகளோ இருக்கிற சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

பிரிஸ்டல் மேடும் பள்ளமுமான ஊர். ஏவன் நதியின் ஆழமான பள்ளத்தாக்குக்கு மேலே, 1864-ல் திறந்த தொங்கு பாலம் இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. குன்றுகளின் சரிவில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வீடுகள். சில தெருக்களில் நீலம், மஞ்சள், ரோஜா என்று வர்ணம் அடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் கொலுப்படி மாதிரி இருக்கும். நம் நாட்டில் உடன்கட்டை ஏறும் கொடுமையை எதிர்த்துப் போராடிய ராஜா ராம்மோகன் ராய் 1833-ல் கண் மூடியதும் இந்த ஊரில்தான். ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில் நம் நாட்டு மண்டபம் போலவே எழுப்பியிருக்கும் அவரது சமாதியின் முன் நின்றபோது மனசு என்னவோ செய்தது.

அழகெல்லாம் வெளியே. வீட்டுக்குள்ளே குளிர்! மாலை நான்கு மணிக்கே இருட்டி விடுகிறது. மகளும் மாப்பிள்ளையும் இருப்பது நூறு வருஷத்துக்கு முந்திய வாடகை வீடு. ரேடியேட்டர் எத்தனை ஓடினாலும் காலடியில் ஜில்லென்று ஏதோ ஊர்ந்துகொண்டே இருக்கும். அதைவிட என்னை உறுத்தியது குழந்தையின் அறை. மாடியில், பின்பக்க மூலையில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் மையைத் தெளித்தாற்போல் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். தொட்டால் ஈரம்.

"என்னடி இது? பச்சைக் குழந்தை படுக்கிற அறையை இப்படியா வெச்சிருப்பே?" என்று வந்த மூன்றாம் நாளே கேட்டுவிட்டேன்.

"துடைச்சுத் துடைச்சுக் கை ஓய்ஞ்சு போச்சும்மா. பத்து நாள்ல திரும்ப வந்துடுது" என்றாள். வீட்டுக்காரருக்கு எழுதினார்களாம். "நீங்கள் சமைக்கிற ஆவிதான் காரணம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று பதில் வந்ததாம். வீட்டுக்காரரும் அவளைத்தான் குறை சொன்னார். பெற்ற தாயும் அவளைத்தான் குறை சொன்னேன். பிரசவித்து நான்கு மாதம்கூட ஆகாத பெண். பதில் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நான் என் பங்குக்கு வைத்தியம் செய்தேன். குழந்தை அறை ஜன்னலின் தலைப்பில் நீளமாக ஒரு சின்னத் துவாரம் இருந்தது. அதன் வழியாகத்தானே குளிர் வருகிறது என்று பழந்துணியைச் சுருட்டி இறுக்க அடைத்தேன். குளியலறை விசிறி சத்தம் போடுகிறதே என்று அணைத்து வைத்தேன். குழந்தைத் துணிகளை ரேடியேட்டர் மேலேயே போட்டு உலர்த்தினேன். பூசணம் குறைந்ததா? இல்லை. இன்னும் ஒரு கை அகலம் பரவியது. குழந்தைக்கு லேசாக இருமலும் தொடங்கவே, வயிற்றில் புளியைக் கரைத்தது. டாக்டரிடம் காட்டினோம். தொட்டிலை அன்றைக்கே வேறு அறைக்கு மாற்றினோம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அந்த நாட்டிலேயே ராச்டேல் என்ற ஊரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்து போனது. வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று 2022-ல் நடந்த விசாரணையில் முடிவானது. அந்தப் பெற்றோரும் பல முறை முறையிட்டவர்கள்தாம். அவர்களுக்கும் 'உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம்' என்ற பேச்சே கிடைத்தது. அந்தக் குழந்தையின் பெயராலேயே 'அவாப் சட்டம்' என்று ஒன்று வந்து, 2025 அக்டோபர் முதல் அங்கே சமூக வாடகை வீடுகளில் ஈரம், பூசணம் பற்றிய புகார்களைக் குறித்த கெடுவுக்குள் கவனித்தாக வேண்டும் என்றாகியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் வழி சொன்னார். ஊரில் ஒரு தொண்டர் குழு இருக்கிறதாம். குளிர்காலத்தில் வீடு வீடாக வந்து, வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மல் கேமராவால் வீட்டைப் பரிசோதிப்பார்களாம்.

ஜனவரியில் ஒரு மாலை, இருட்டிய பிறகு வந்தார்கள். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், கூட ஒரு இளைஞர். ஏன் இருட்டில் என்றால், பகல் வெயில் பட்ட சுவர் தானாகவே சூடேறிப் பொய் சொல்லுமாம். உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரியாவது வித்தியாசம் வேண்டும். மழையில் நனைந்த சுவரும் கூடாது. முன்னதாகவே சில மணி நேரம் வீட்டைச் சூடாக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

கருவி கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தக்கபடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. இந்தக் கேமரா அந்தக் கதிர்களை வாங்கி வர்ணமாக்கிக் காட்டுகிறது. சூடான இடம் மஞ்சள், வெள்ளை. குளிர்ந்த இடம் நீலம், ஊதா. ஆசிரியை என் உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுக்கச் சொன்னார். கையை எடுத்த பிறகும் திரையில் என் ஐந்து விரலும் மஞ்சளாய் அப்படியே நின்றன, வாசலில் மாவுக் கை பதித்தாற்போல! ஜன்னல் கண்ணாடியைக் காட்டினால் வெளியே தெரியவில்லை; எங்கள் உருவங்களே பிரதிபலித்தன. "இது சுவரை ஊடுருவிப் பார்க்கிற எக்ஸ்ரே இல்லை. மேல் தோலின் சூட்டைத்தான் காட்டும். உங்கள் டாக்டர் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி" என்றார். ஆக, சுவருக்கு ஜுரம் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

வாசல் கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி ஓட விட்டார்கள். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ள, வெளிக்காற்று இருக்கிற இடுக்கெல்லாம் தேடி உள்ளே வந்தது. தபால் போடும் துவாரத்திலிருந்து நீல நாக்கு நீண்டது. தரையோரப் பலகைகளின் அடியிலிருந்து நீல விரல்கள். என் காலடியில் ஊர்ந்த குளிரின் வீடு அதுதான்!

பிறகு மாடிக்குப் போனோம். குழந்தை அறையின் நடுச்சுவர் ஒரே ஆரஞ்சு நிறம். பின்மூலையில் மட்டும் கூரையை ஒட்டி அடர்ந்த ஊதாப் பட்டை. அறை 19 டிகிரி. அந்த மூலை 11 டிகிரி. பூசணம் எங்கே இருந்ததோ, கோடு கிழித்தாற்போல அங்கேதான் ஊதா. இளைஞர் ஏணி வைத்துப் பரணில் ஏறிப் பார்த்தார். கூரைக்குச் சூடு காக்க விரிக்கிற பஞ்சு மெத்தையை எப்போதோ யாரோ ஒயர் இழுப்பதற்காகச் சுருட்டி ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூலைக்கு மேலே வெறும் பலகைதான் இருந்தது.

"மகளே, இது நீ துடைக்காததால் வந்ததில்லை" என்று ஆசிரியை சொன்னதும் என் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆசிரியை ஈரப்பதம் காட்டும் இன்னொரு சின்னக் கருவியை எடுத்துப் பார்த்துவிட்டு, "70 சதவிகிதம் இருக்கிறதே!" என்றார். பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மேலெல்லாம் வியர்க்கிறதல்லவா? அதே கதைதான். 19 டிகிரியில் இத்தனை ஈரமுள்ள காற்று, 13 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும். நம் மூலையோ 11 டிகிரி. இட்லி ஆவி, கொதிக்கிற வெந்நீர், உலரும் துணி, நம் மூச்சு, எல்லாம் வெளியே போக வழியில்லாமல் அந்த மூலையில் போய்த் தண்ணீராக உட்கார்ந்துகொள்கிறது. அவர் ஜன்னல் தலைப்பைப் பார்த்தார். "இந்தத் துணியை வைத்தது யார்? ஈரம் வெளியேறுவதற்காகவே வைத்த வழியாயிற்றே இது!"

யார் என்று மகள் சொல்லவில்லை. நானே நாற்காலியைப் போட்டு ஏறித் துணியை உருவி எடுத்தேன்.

அன்று இரவு அவளுக்குப் பிடித்த மிளகு ரசம் வைத்தேன். இந்த முறை பாத்திரத்தை மூடி, சமையலறை விசிறியைப் போட்டுக்கொண்டு. "அவசரப்பட்டுப் பேசிட்டேன்டி" என்றேன். "போம்மா, நீ சொன்னா என்ன" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை டிசம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படங்களோடு அறிக்கை வந்தது. அதை அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பினார் மாப்பிள்ளை. இப்போது 'உங்கள் சமையல்' என்று எழுத இடமில்லையே! மூன்று வாரத்தில் ஆள் வந்து பரணில் பஞ்சை ஒழுங்காக விரித்து, 270 மில்லிமீட்டர் கனம் வரும்படி நிரப்பி, பூசணத்தைக் கொல்லும் மருந்தால் மூலையைச் சுத்தம் செய்து வர்ணம் பூசிவிட்டுப் போனார்.

நடுவில் ஒரு சனிக்கிழமை, ரயிலில் கால் மணி நேரத்தில் இருக்கும் பாத் நகரத்துக்குப் போய் வந்தோம். ரோமானியர் காலத்து வெந்நீர்க் குளத்தில் பூமிக்குள்ளிருந்து 46 டிகிரியில் நீர் பொங்கி வருகிறது. நான் பார்க்க ஆசைப்பட்டது வேறு இடம். நியூ கிங் தெரு 19-ஆம் எண் வீடு. வில்லியம் ஹெர்ஷல் என்ற சங்கீத வித்வான் 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தது அந்த வீட்டுத் தோட்டத்திலிருந்துதான். இப்போது மியூசியம். பிற்பாடு ஸ்லோ என்ற ஊரில் இருந்தபோது, 1800-ல், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார் அவர். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்தபோது சூடு இன்னும் ஏறியது! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்தான் மகள் வீட்டு மூலையைக் காட்டிக் கொடுத்தது.

அவருடைய தங்கை கரோலினை நம் வாசகிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வயதில் டைபஸ் ஜுரம் வந்து நாலடி மூன்றங்குலத்துக்கு மேல் வளராத பெண். வீட்டு வேலைக்குத்தான் லாயக்கு என்று தாயார் நினைத்தாராம். 1772-ல் அண்ணனோடு பாத் வந்து சேர்ந்தார். அண்ணன் தொலைநோக்கிக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் கை எடுக்காமல் இருந்தால், பக்கத்தில் நின்று வாயில் ஊட்டி விடுவாராம். அதே கரோலின் பிறகு எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1787 முதல் மன்னரிடம் வருஷம் 50 பவுன் சம்பளம் பெற்றார். ஒரு பெண்ணைப் பெற்ற தாயே குறைத்து எடை போட்டுவிடுகிறாள் என்று அந்த வீட்டுப் படியில் நின்று நினைத்துக்கொண்டேன். யாரை நினைத்து என்று உங்களுக்குத் தெரியும்!

குளிர் தேசம் போகும் சகோதரிகளுக்கு நான்கு வார்த்தை:

கீழிடுக்கை அடையுங்கள், ஜன்னல் தலைப்பில் உள்ள காற்று வழியை அடைக்காதீர்கள். கதவடிக்குக் கடையில் நுரைப்பட்டை கிடைக்கிறது, ஒட்டிவிட்டால் போதும்.

பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகும் விசிறி ஓடட்டும். ஈரத்துணியைக் குழந்தை அறையில் உலர்த்த வேண்டாம்.

பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் காற்றுப் போகக் கொஞ்சம் இடம் விடுங்கள். குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும், அனலாக்க வேண்டியதில்லை.

பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், தூளாகப் பறக்கும். குழந்தையை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால், சுவரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று குழந்தையின் தொட்டில் மறுபடி அந்த அறைக்கே வந்திருந்தது. வழியனுப்பும் அவசரத்திலும் ஒரு தரம் மாடிக்குப் போய், அந்த மூலையில் கை வைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.