அசலைத் தூக்கிப் போட்ட குமாஸ்தா

போன மாதம் எங்கள் ஹாலுக்குப் புது டிவி வந்தது. வந்த அன்று சாயங்காலமே வீட்டுக்காரி கேட்டாள்: "நம்ம பொண்ணு கல்யாண வீடியோவை இதுல போடுங்களேன். அத்தை நலங்குப் பாட்டு பாடுவாங்களே, பெரிசா பார்க்கணும்."

அத்தை என்றால் என் அம்மா. கல்யாணம் நடந்தது 1994-ல். அம்மா காலமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் குரல் அந்த வீடியோவைத் தவிர வேறு எதிலும் இல்லை.

கம்ப்யூட்டரில் இருந்த ஏவிஐ ஃபைலைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினேன். பெயர் வந்தது, படம் வரவில்லை. இந்தக் கோப்பை இயக்க முடியாது என்று ஒரு வரி காட்டிவிட்டு டிவி சும்மா இருந்தது. அதே ஃபைல் கம்ப்யூட்டரில் விஎல்சி-யில் நன்றாக ஓடுகிறது. பென்டிரைவில்தான் கோளாறு என்று கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். பலன் இல்லை. பேரனுக்குப் போன் போட்டேன்.

"தாத்தா, பென்டிரைவ் மேல தப்பு இல்ல. டிவிக்கு அந்த கோடெக் தெரியாது. எம்பி4-ஆ மாத்துங்க" என்றான்.

அவன் அரை மணி நேரம் விளக்கியதை எனக்குப் புரிந்த ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்பதெல்லாம் தபால் உறை மாதிரி. உள்ளே இருக்கும் கடிதம்தான் படமும் ஒலியும். அந்தக் கடிதம் எந்த பாஷையில் எழுதியிருக்கிறது என்பதுதான் கோடெக். என் ஃபைலில் படம் எக்ஸ்விட் என்ற பழைய பாஷையில் இருந்தது. விஎல்சி பல பாஷை படித்தவர், வாசித்துவிட்டார். டிவிக்கு அது தெரியாது. இன்றைக்கு அநேகமாக எல்லா டிவியும் போனும் அறிந்த பாஷை, 2003-ல் வந்த ஹெச்.264. ஒலிக்கு ஏஏசி. இரண்டையும் எம்பி4 உறையில் போட்டுக் கொடுத்தால் எங்கும் தகராறு இல்லை.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். அன்னாசிப்பழமும் ஒரு கோப்பையும்தான் அதன் சின்னம். விசாரித்ததில் ஒரு சந்தோஷம். அதை 2003-ல் முதலில் எழுதியவர் எரிக் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரர். விஎல்சி 1996-ல் பாரிஸில் எகோல் சாந்த்ரால் மாணவர்கள் தொடங்கியது. இந்த வேலைகளுக்கெல்லாம் அடிப்படையான எஃப்எஃப்எம்பெக்கை 2000-ல் ஆரம்பித்தவர் ஃபப்ரீஸ் பெல்லார், அவரும் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்குக் கொஞ்சம் பெருமை வராமல் இருக்குமா?

மாற்றிய ஃபைல் டிவியில் ஓடியது. ஆனால் பெரிய திரையில் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. அம்மா பாடுகிறாள். எட்டுக்கல் மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

ஆர அமர யோசித்தேன். கல்யாணம் மூன்று விஹெச்எஸ் கேசட்டில் பதிவானது. பிறகு ஒரு கடையில் கொடுத்து அவற்றை மூன்று டிவிடியாக மாற்றினோம். அப்புறம் உறவுக்காரப் பையன் ஒருவன், சிடியில் அடங்கட்டும் என்று நாலு ஜிபி டிவிடி ஒவ்வொன்றையும் 700 எம்பி ஏவிஐ-யாகச் சுருக்கித் தந்தான். இப்போது நான் அதையும் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் விவரத்தை எறிகிறார்கள். எறிந்தது திரும்பி வராது.

இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. சர்வீஸில் இருந்தபோது பிரெஞ்சுக் காலத்து வீட்டுப் பத்திரங்களின் மொழிபெயர்ப்புகள் என் மேஜைக்கு வரும். பிரெஞ்சில் மூர் மித்வாயேன் என்றால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். அதை ஒருவர் ஆங்கிலத்தில் பார்ட்டி வால் என்று சரியாகவே எழுதியிருந்தார். அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்கியவர் "கட்சிச் சுவர்" என்று எழுதிவிட்டார். நான் பத்திரத்தின் அசலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால் பிழைத்தது. நகலுக்கு நகல் எடுக்காதே, அசலைக் கொண்டு வா என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

அப்படிப்பட்ட நானே, ரிட்டயர் ஆனதும் பரணைச் சுத்தம் செய்தபோது, பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அந்த மூன்று கேசட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று வியாக்கியானம் வேறு.

டிவிடிகளாவது இருக்குமா என்று இரண்டு நாள் தேடினேன். பீரோவில், வீட்டுக்காரியின் கூறைப்புடவைக்கு அடியில் இருந்தன. அவள்தான் வைத்திருக்கிறாள்.

இந்த முறை நேரே டிவிடியிலிருந்து மாற்றினேன். ஆர்எஃப் என்று ஒரு எண் உண்டு, அது குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 19 வைத்தேன். இன்னொரு சிக்கல்: கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தன. விஎல்சி-யைப் பிரெஞ்சு மெனுவில்தான் வைத்திருக்கிறேன். அதில் "தெஸான்த்ரலாஸே" என்று ஒரு வரி. ஆந்த்ரலாஸே என்றால் பின்னுவது. சட்டென்று விளங்கியது. பழைய வீடியோவில் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறு தடவை என்று நொடிக்கு ஐம்பது பாதிப் படங்களைப் பின்னியிருப்பார்கள். அந்தப் பின்னலைப் பிரிக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கிலும் அதற்கு வழி இருக்கிறது. போட்டேன், கோடுகள் போய்விட்டன.

இரண்டாவது டிவிடியில் கீறல். நலங்குப் பாட்டின் கடைசி இரண்டு நிமிஷம் எவ்வளவு முயன்றும் படிக்கவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் பழைய ஏவிஐ-யிலிருந்து எடுத்துக்கொண்டேன். மட்டமான நகல் என்று அதையும் அழித்திருந்தால் பாட்டு பாதியில் நின்றிருக்கும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோம். "அத்தை மூக்குத்தி தெரியுது" என்றாள். தெரிந்தது. வெற்றிலைக் காவி படிந்த பல்கூடத் தெரிந்தது. கடைசி இரண்டு நிமிஷம் மறுபடி கட்டங்கள் வந்தன, மூக்குத்தி மறைந்தது. குரல் மட்டும் மாறாமல் பாடி முடித்தது.

என்னைப் போன்ற மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பொங்கலன்று வீடியோ காலைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். அது எம்கேவி ஆனதால் மகளின் போனில் திறக்கவில்லை. உள்ளே இருந்தது ஹெச்.264-ம் ஏஏசி-யும்தான். எஃப்எஃப்எம்பெக்கில் பேரன் சொன்ன ஒரு வரி கட்டளையால் உறையை மட்டும் மாற்றினேன். சில நொடிகளில் முடிந்தது, தரம் துளியும் குறையவில்லை. உறை போதுமா, கடிதமே மாற வேண்டுமா என்று முதலில் பாருங்கள். மாற்றிய பிறகும் பழையதை வையுங்கள். கேசட் வைத்திருப்பவர்கள், பூஞ்சை இருந்தாலும் எறியாதீர்கள். துடைத்து ஓட்டித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்று டிவிடியையும் இருப்பது இருந்தபடி இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டேன். டிவிடி உறை மேல் ஆபீஸ் வழக்கப்படி சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: "அசல். வெளியே தரலாகாது." பீரோவுக்குள் அதே புடவைக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே வைத்தால் என் கைக்கு எட்டாது.