அட்டவணையில் இல்லாதவன்

ரோம் நகரைக் காணச் செல்கிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டோம். கண்டோமா? இல்லை, காட்டப்பட்டோம்! மடித்த மஞ்சள் குடையொன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடந்தார் வழிகாட்டும் அம்மையார். பின்னே நடந்தோம் 40 பேர். குடை நின்றால் நின்றோம். குடை திரும்பினால் திரும்பினோம். "எவர் பின்னாலும் கண்ணை மூடிக்கொண்டு செல்லாதே என்று மேடையில் முழங்கும் உமக்கா இந்த நிலை?" என்று கேலி பேசும் தோழர்கள் இருப்பர். பேசட்டும். அறியாத ஊர், புரியாத மொழி, 75 வயது அன்னையார், துணைவியார், 16 வயது மகள் இவர்களுடன் செல்பவனுக்குக் குடையும் ஒரு துணைதான்.

அன்றைய நிகழ்ச்சி நிரலை அச்சிட்டே தந்திருந்தனர். காலையில் கொலோசியம், அடுத்துத் திரேவி நீரூற்று, பாந்தியன், பகலுணவு, பிற்பகலில் புனித பேதுரு பேராலயம். இத்தனை நூற்றாண்டுகளையும் ஒரே பகலில் விழுங்கிவிட வேண்டும். செரித்ததா என்று கேட்பாரில்லை.

கொலோசியத்தில் அம்மையார் நன்றாகவே விளக்கினார். கி.பி. 80இல் டைட்டஸ் மன்னன் திறந்து வைத்த அரங்கு அது. மனிதனை மனிதன் வெட்டி வீழ்த்துவதை, விலங்கு மனிதனைக் கிழிப்பதை, ஏறத்தாழ 50,000 பேர் கூடிக் கண்டு களித்த களம்! கல்லின் பெருமையைவிட, இருக்கைகளின் வரிசை பற்றி அவர் சொன்னதே நம் நெஞ்சில் தைத்தது. களத்துக்கு அருகே செனட்டர்கள். அவர்களுக்குப் பின்னே செல்வர்கள். அதற்கும் மேலே பொதுமக்கள். உச்சியில், எட்டாத உயரத்தில், ஏழைகளும் அடிமைகளும் பெண்களும். கொலையைக் காண்பதில்கூடப் படிநிலை! பிறப்பைக் காட்டிப் பந்தியில் பிரித்து உட்கார வைக்கப்பட்ட மக்களின் வழிவந்த நமக்கு, அந்தப் படிக்கட்டுகள் அயல்நாட்டுப் படிக்கட்டுகளாகத் தோன்றவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: உலகில் எங்கேனும் ஒரு நாடு மரண தண்டனையை ஒழித்தால், அந்த அரங்குக்கு இரவில் சிறப்பொளி ஏற்றும் வழக்கம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறதாம். கேட்டு மகிழ்ந்தோம்.

திரேவியில்தான் தகராறு வந்தது. 1762இல் கட்டி முடிக்கப்பட்ட எழில்மிகு நீரூற்று. அதற்கு முதுகு காட்டி நின்று, வலக்கையால் இடத்தோளுக்கு மேலாகக் காசு எறிந்தால் மீண்டும் ரோமுக்கு வருவோம் என்பது நம்பிக்கை. வரிசை வரிசையாக முதுகு காட்டி நின்றனர், படித்த மக்கள்! நம் மகளும் ஒரு யூரோ காசை எடுத்தாள். நமக்குச் சுருக்கென்றது. பகுத்தறிவு பேசும் வீட்டுப் பிள்ளையா இப்படி? "மூடத்தனம்! கொடு இங்கே" என்று அத்தனை பேர் நடுவிலும் அதட்டி, அவள் விரல்களைப் பிரித்துக் காசை வாங்கிச் சட்டைப்பையில் போட்டோம்.

"நம்பி எறியவில்லை அப்பா. விளையாட்டுக்குத்தான். விழும் காசெல்லாம் ஏழைகளுக்குப் போகிறதென்று அவர் சொன்னாரே, கேட்கவில்லையா?" என்றாள்.

சொல்லியிருந்தார். ஆண்டுக்குப் பத்து இலட்சம் யூரோவுக்கும் மேல் திரண்டு அறப்பணிக்குச் செல்கிறதென்று விளக்கியிருந்தார். நம் காதில் விழவில்லை. உள்ளத்தில் ஒரு சொற்பொழிவு ஓடிக்கொண்டிருந்தது. "வாதாடாதே" என்றோம். அவள் வாய் மூடினாள். துணைவியார் ஒன்றும் சொல்லாமல் நம்மைப் பார்த்தார். அந்தப் பார்வையைவிட நாலு சொல் கடிந்திருக்கலாம்.

பகலுணவுக்கு ஒன்றரை மணி நேரம் தந்தனர். உணவு விடுதியிலிருந்து பத்து நிமிட நடையில் காம்போ தெய் ஃபியோரி என்ற சதுக்கம் இருந்தது. 'பூக்களின் வெளி' என்று பொருள். இளமை முதல் காண வேண்டுமென்று எண்ணியிருந்த இடம் அது, அட்டவணையில் இல்லை. வழிகாட்டியிடம் கேட்டோம். "அங்கே காய்கறிச் சந்தைதான் இருக்கிறது, பேருந்து காத்திராது" என்றார். சரி, நம் குடும்பம் மட்டும் பட்டினி கிடக்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்த முடிவையும் எவரையும் கேட்காமல்தான் செய்தோம் என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறோம்.

காய்கறிக் கூடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே, உயர்ந்த பீடத்தில், முக்காடிட்ட துறவியின் கரிய உருவம். கைகள் முன்னே குறுக்காக. கைகளுக்கடியில் ஒரு நூல். ஜியார்டானோ புரூனோ! 1548இல் பிறந்தவர். துறவு மடத்தில் சேர்ந்தவர், சிந்தித்த காரணத்தால் அங்கே நிலைக்க முடியாதவர். ஜெனீவா, பாரிஸ், இலண்டன், விட்டன்பர்க், பிராகா என்று நாடு நாடாக அலைந்தவர். பூமி சுழல்கிறது என்ற கோபர்நிக்கசைத் தாண்டி, விண்மீன் ஒவ்வொன்றும் ஒரு சூரியன், அண்டத்துக்கு எல்லையில்லை, உலகங்கள் எண்ணற்றவை என்று எழுதியவர். திரித்துவம் முதலான திருச்சபைக் கோட்பாடுகளையும் ஐயுற்றார். 1592இல் வெனிசில் பிடிபட்டார், மறு ஆண்டு ரோமுக்கு அனுப்பப்பட்டார், ஆண்டுக்கணக்கில் விசாரணை. பின்வாங்க மறுத்தார். 1600 பிப்ரவரி 17 அன்று, பேச முடியாதபடி நாவைக் கட்டி, இதே சதுக்கத்தில் உயிரோடு எரித்தனர்.

அவர் சொன்னதெல்லாம் சரியென்று நாம் வாதாட வரவில்லை. மந்திரக் கலை பற்றியும் நூல் எழுதியவர் அவர். தொலைநோக்கியால் வானை ஆராயும் காலம் அப்போது பிறக்கவில்லை. தவறாகவே சொல்லியிருக்கட்டும், அதற்குத் தீயா விடை? போப்பின் ஆட்சி ரோமில் வீழ்ந்த பின்னர்தான், 1889இல், எட்டோரே ஃபெராரி என்ற சிற்பி வடித்த இந்தச் சிலையை இங்கே நிறுத்த முடிந்தது. 2000ஆம் ஆண்டில் வாத்திகனும் அந்தச் சாவுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது, 400 ஆண்டுகள் கழித்து!

இவ்வளவையும் உணர்ச்சி பொங்க மகளுக்கு எடுத்துரைத்தோம். நாவைக் கட்டிய செய்தியில் நம் குரல் தழுதழுத்தது என்றுகூடச் சொல்லலாம். அவள் சிலையை அண்ணாந்து பார்த்தபடி கேட்டிருந்தாள்.

"காலையில் நான் பேசியபோது நீங்களும் வாதாடாதே என்றீர்கள்" என்றாள்.

கோபமில்லை, குத்தலில்லை. கணக்கில் விடுபட்ட எண்ணைச் சுட்டுவதுபோல் சொன்னாள். எத்தனையோ மேடைகளில் எதிர்க்கேள்விகளைச் சந்தித்திருக்கிறோம். மறுமொழி கைவசம் இருக்கும். அன்று இல்லை. சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து அவளிடம் நீட்டினோம். "தவறு என்னுடையதுதான், அம்மா. வேண்டுமானால் திரும்பும் வழியில் எறிந்துவிட்டு வா, நாங்கள் காத்திருக்கிறோம்" என்றோம்.

அவள் எறியச் செல்லவில்லை. சந்தைக்குள் நுழைந்து, சைகையால் பேரம் பேசி, இரண்டு ஆரஞ்சுப் பழங்களுடன் வந்தாள். பீடத்தின் படியில் அமர்ந்திருந்த பாட்டிக்கு ஒன்றை உரித்துக் கொடுத்தாள். காலை முதல் அவர் ஒன்றும் உண்ணவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. மகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். பேருந்து காத்துத்தான் இருந்தது; வழிகாட்டி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், ஏற்றுக்கொண்டோம். பக்கத்து இருக்கை அம்மையார், "சாப்பாட்டையும் விட்டுவிட்டு அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று நம் அன்னையாரிடம் வினவினார்.

"ஒரு சாமியார் சிலைம்மா. கேள்வி கேட்டானாம் பாவி, எரிச்சுட்டாங்களாம்" என்றார் அன்னையார். பிறகு, கையிலிருந்த மிச்சச் சுளைகளை அந்த அம்மையாரிடம் நீட்டி, "இந்தா, நீயும் சாப்பிடு. பேத்தி வாங்கிக் குடுத்தது" என்றார்.