கலிபோர்னியாவின் வாலைப் பிடித்துக்கொண்டு

பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு வட அமெரிக்காவின் படம் போடக் கற்பிக்கும்போது நான் ஒரு சுலபமான யுக்தி சொல்வது வழக்கம். "எல்லாம் வரைந்து முடித்த பிறகு மேற்குப் பக்கத்தில் கீழே ஓர் எலிவாலை ஒட்டிவிடுங்கள்" என்பேன். அந்த வாலுக்குத்தான் பாஹா கலிபோர்னியா என்று பெயர். இருபது வருஷமாகக் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் ஒரே இழுப்பாக இழுத்துவந்த அந்த வாலின்மேல், ஐந்து நாள் மோட்டாரில் போனாலும் பாதிக்குச் சற்று அதிகமான தூரந்தான் போகமுடியும் என்பது சென்ற மாசி மாதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

என் தங்கை ஸான் டியாகோ நகரத்தில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக நீண்ட லீவு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், "அக்கா, நீ நாலு இடம் பார்க்கவேண்டாமா?" என்று அவளே என்னை அடுத்த வீட்டுத் தம்பதிகளிடம் ஒப்படைத்துவிட்டாள். இருவரும் அமெரிக்கர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பெரியவருக்கு எழுபத்தாறு வயது. அந்த அம்மாளுக்கு இரண்டு வயது குறைவு. பதினைந்து வருஷமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் எல்லையைத் தாண்டி மெக்ஸிகோ தேசத்துக்குள் புகுந்து, கடற்கரையோரமாகவே தெற்கே போய்வருவது அவர்கள் வழக்கம்.

அவர்கள் பிரயாணம் செய்யும் வாகனத்துக்கு ஆர்.வி. என்று பெயர். மோட்டார் வீடு என்று சொல்லலாம். இருபத்துநான்கு அடி நீளத்துக்குள் கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கியிருந்தன. நம் பாட்டனார் காலத்தில் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பிக் கட்டுச்சோற்று மூட்டையுடன் க்ஷேத்திராடனம் கிளம்பினார்களே, அதே சமாசாரந்தான். மாட்டுக்குப் பதில் பெட்ரோல்.

எல்லைக்குப் போகுமுன் இரண்டு சடங்குகள் உண்டு. அமெரிக்காவில் செய்துகொண்ட மோட்டார் இன்ஷூரன்ஸ் மெக்ஸிகோவில் செல்லாது. தனியாக ஒன்று வாங்கவேண்டும். என்னிடம் அமெரிக்க விசா இருந்தபடியால் மெக்ஸிகோவுக்கென்று வேறு விசா தேவைப்படவில்லை. பிறகு திஹுவானா. சுங்கச் சாவடியில் ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் மூட்டைகளைச் சோதிப்பார்கள். எங்களுக்குப் பச்சை எரிந்தது. தெற்கே போகிற நாங்கள் சில நிமிஷங்களில் தாண்டிவிட்டோம். எதிர்ப்புறத்தில் வடக்கே போகவேண்டிய வண்டிகள் பல வரிசைகளில் மணிக்கணக்காக நின்றிருந்தன. ஒரே எல்லை, ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒரே எல்லை அல்ல. 1848-ம் வருஷத்து உடன்படிக்கையில் மெக்ஸிகோ தன் பூமியில் ஏறக்குறையப் பாதியை இழந்து, ஒன்றரைக் கோடி டாலர் பெற்றுக்கொண்டது. அப்போது போட்ட கோடு இது. கடற்கரைக்கு வந்த பிறகும் அங்கே இரும்பு வேலி நிற்பதில்லை. அலைகளுக்குள் இறங்கிக் கொஞ்ச தூரம் போய்த்தான் ஓய்கிறது. மீன்களுக்குக் கூடவா பாஸ்போர்ட் என்று கேட்கத் தோன்றியது.

என்ஸெனாடா வரையில் சுங்கம் கொடுத்துப் போகும் அழகான சாலை. ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் பஸிபிக் மகாசமுத்திரம். 2013 டிசம்பரில் இந்தச் சாலையின் ஒரு பகுதி அப்படியே கடலை நோக்கிச் சரிந்து விழுந்தது என்று பெரியவர் உற்சாகமாகச் சொன்னார். நாங்கள் அப்போது அந்த இடத்தின்மேல்தான் போய்க்கொண்டிருந்தோம்!

பெரியவரிடம் ஒரு குணம். ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி, "நாளைக் காலை ஏழரை மணிக்குப் புறப்பாடு!" என்று அறிவிப்பார். அந்த அம்மாள் ஒருபோதும் மறுத்துப் பேசமாட்டாள். வண்டி ஓட்டுவது அவர். தேசப்படத்தை மடியில் விரித்துக்கொண்டு வழி சொல்வது அவள். வண்டிச் சாவி இரவில் அவர் சட்டைப் பையில் தூங்கும்.

திஹுவானாவிலிருந்து தென்முனை வரையில் செல்லும் ராஜபாட்டை 1,711 கிலோமீட்டர் நீளமுள்ளது, 1973-ல்தான் பூர்த்தியாயிற்று. ராஜபாட்டை என்ற பெயரைக் கேட்டு நேயர்கள் ஏமாறவேண்டாம். பல இடங்களில் இரண்டு லாரிகள் எதிர் எதிராக வந்தால் கண்ணாடிகள் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொள்ளும். தார் முடிகிற இடத்தில் ஓரம் என்பதே இல்லை, நேரே பள்ளந்தான். எல் ரொஸாரியோ என்ற ஊரைத் தாண்டினால் முந்நூறு கிலோமீட்டருக்குமேல் பெட்ரோல் கிடைப்பது நிச்சயமில்லை. நடுவே கடாவிஞாவில் சாலையோரமாகப் பீப்பாயில் வைத்துக்கொண்டு விற்கிறார்கள். "இருட்டிய பிறகு ஓட்டக்கூடாது" என்பது அந்தச் சாலையில் போகிறவர்களின் முதல் வேதவாக்கியம்.

கடாவிஞாவின் பாலைவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யானை யானையாகப் பாறைகள். அவற்றின் நடுவே ஐம்பது அடி உயரத்துக்குக் கள்ளி மரங்கள். சிரியோ என்று ஒரு விசித்திர விருட்சம் இருக்கிறது. அந்த ஸ்பானிய வார்த்தைக்கு மெழுகுவத்தி என்று பொருள். தலைகீழாக நட்ட காரட் கிழங்குபோல் அடி பெருத்து நுனி சிறுத்து, கிளையென்று சொல்லத்தக்கது அதிகமில்லாமல் ஆகாயத்தை நோக்கி நிற்கிறது. இந்தத் தீபகற்பத்தையும் எதிர்க்கரையில் ஒரு சிறு பகுதியையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக் கள்ளிக்கும் தாய்நாடு அமெரிக்கக் கண்டந்தான். அதன் மடலை இங்கே முள் நீக்கி, நறுக்கி, வதக்கி, சோள ரொட்டியுடன் சாப்பிடுகிறார்கள். நானும் சாப்பிட்டேன். வெண்டைக்காயின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

அன்று ராணுவச் சோதனைச் சாவடியில் தாமதம். சூரியன் பாறைகளுக்குப் பின்னால் போய்விட்டான். அந்தி மயங்கும் நேரத்தில் மாடுகள் சாலைக்கு வந்துவிடுகின்றன. தாரில் தங்கிய சூடு அவற்றுக்குப் பிடிக்கிறதாம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெரிந்தது, ஒரு செவலை மாடு நடுச்சாலையில் நிற்பது. வண்டியின் வேகம் குறையவில்லை.

"மாடு!" என்று அந்த அம்மாள் கத்தினாள்.

அடுப்படிப் பாத்திரங்கள் எல்லாம் என் காலடியில் வந்து விழுந்தன. வண்டி நின்ற இடத்துக்கும் மாட்டுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். மாடு எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

"நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார் பெரியவர். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு அவர் தூங்கிய பிறகு, வெளியே மடக்கு நாற்காலிகளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பாலைவனத்து நட்சத்திரங்களை நான் வர்ணிக்கப் போவதில்லை. அந்த அம்மாள் சொன்னதைச் சொல்கிறேன். சென்ற ஐப்பசியில் கண் வைத்தியர் அவருடைய பார்வையைப் பற்றி எச்சரித்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வண்டியை விற்றுவிடும்படி கடிதத்துக்குமேல் கடிதம். "இது இல்லாவிட்டால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார், டீச்சர்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெயில் காலத்தில் ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டு, காலி மைதானத்தில் இத்தனை பெரிய வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவருக்குத் தெரியாது" என்றாள்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் சாவியைப் பிடுங்கியதாக ஆகிவிடும். அவரே கேட்கவேண்டும்."

எழுபத்துநான்கு வயதில் பாடம் கற்கப் போன மாணவியை நான் என் உத்தியோகத்தில் சந்தித்ததில்லை.

மறுநாள் 28-வது அக்ஷரேகையைத் தாண்டினோம். அங்கே வட மாகாணம் முடிந்து தென் மாகாணம் ஆரம்பிக்கிறது. கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கவேண்டும். குவெர்ரெரோ நெக்ரோ என்ற ஊர் உப்பினால் பிழைக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய உப்பளங்களில் ஒன்று அது. கண்ணுக்கெட்டிய வரையில் வெள்ளை வெளேரென்று பாத்திகள். ஆனால் நாங்கள் போனது உப்புக்காக அல்ல. பக்கத்து உப்பங்கழியில் வந்து குட்டி போடும் சாம்பல் திமிங்கிலங்களுக்காக.

வட துருவத்தை அடுத்த கடல்களில் கோடையைக் கழித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி இந்த வெதுவெதுப்பான ஜலத்துக்கு அவை பிரசவத்துக்கு வருகின்றன. தாய்வீட்டுக்கு வருவது போலத்தான். 1857-ல் ஸ்காம்மன் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவன் இந்தக் கழியின் வாயைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்தான். பிறகு நடந்தது கொலைக்களம். குட்டியைக் காப்பாற்றத் தாய்கள் படகுகளை மோதி உடைத்தனவாம். அதற்காக அவற்றுக்குப் "பிசாசு மீன்" என்று பெயர் வைத்தார்கள். ஈட்டி எறிந்தவனுக்கு என்ன பெயர் என்று அவர்கள் எழுதிவைக்கவில்லை. 1972-ல் மெக்ஸிகோ சர்க்கார் இந்தக் கழியைத் திமிங்கிலங்களின் புகலிடமாகப் பிரகடனம் செய்தார்கள். 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் இருக்கிறது. ஆயினும் 2019-ம் வருஷத்துக்குப் பிறகு அவற்றின் தொகை மறுபடியும் குறைந்துவருகிறது.

சிறு படகில் பத்துப் பேர். தூரத்தில் மூச்சு நீர் பீறிட்டெழும்போதெல்லாம் எல்லோரும் ஆரவாரித்தார்கள். "எங்கே? எங்கே?" என்று பெரியவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். அவர் திரும்புவதற்குள் அது மறைந்துவிடும். மூன்று முறை இப்படி ஆயிற்று. நான்காம் முறை அவர் கேட்கவில்லை.

சற்று நேரத்துக்கெல்லாம் எங்கள் படகின் அடியில் ஒரு நிழல் நகர்ந்தது. படகைப்போல் இரண்டு பங்கு நீளம். படகோட்டி இயந்திரத்தை மெதுவாக்கினான். தாய் சற்று ஆழத்தில் நிற்க, குட்டி மட்டும் மேலே வந்து படகின் விளிம்பில் மூக்கை வைத்தது. பெரியவர் பக்கமாக! அவர் கையை நீட்டித் தொட்டார். நானும் தொட்டேன். இளநீருக்குள் இருக்கும் வழுக்கையைத் தொட்டதுபோல் இருந்தது. மனிதர்கள் அத்தனை செய்த இடத்துக்கே வந்து மனிதர் கையில் குட்டியைக் கொடுத்துவிட்டு நிற்கிற அந்தத் தாயைப்பற்றி இன்னும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர் கரை சேரும் வரையில் ஈரக் கையைத் துடைக்கவில்லை.

ஸான் இக்னாஸியோவில் பாதிரிமார்கள் கொண்டுவந்து வைத்த பேரீச்ச மரங்களின் நிழலில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அதன் பிறகு சாலை எரிமலைகளைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கடலை நோக்கி இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு "நரகச் சரிவு" என்றே பெயர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவே கொண்டை ஊசி வளைவுகள், முன்னும் பின்னும் லாரிகள்.

சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் பெரியவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். யாரும் பேசவில்லை.

"சூரியன் கண்ணில் குத்துகிறது. நீ கொஞ்சம் ஓட்டுகிறாயா, டியர்?" என்றார்.

அப்போது மணி மூன்றரை. நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். பூகோள உபாத்தியாயினியாகிய நான் சொல்கிறேன்: சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

"ஆமாம், வெயில் கடுமைதான்" என்றாள் அந்த அம்மாள்.

அவர் இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். அவள் கியரைத் தாழ்த்திக்கொண்டு, பிரேக்கைக் காய விடாமல் அங்கங்கே தொட்டுத் தொட்டு இறக்கினாள். முன்னால் போன லாரிக்காரன் இடது விளக்கைச் சிமிட்டினான். அந்தத் தேசத்தில் அதற்கு "தாண்டிப் போகலாம்" என்றும் அர்த்தம். "இடது பக்கம் திரும்புகிறேன்" என்றும் அர்த்தம்.

"போகச் சொல்லுகிறான்" என்றார் பெரியவர்.

"அவன் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்" என்றாள்.

கீழே நீலமாகக் கடல் தெரிந்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே, எப்போது கற்றுக்கொண்டாய் என்று அவர் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் தாமிரம் வெட்டிய ஸாந்தா ரொஸாலியாவில் இரும்பினாலேயே ஒரு மாதாகோவில் இருக்கிறது. பாரிஸ் கோபுரம் கட்டிய ஈபெல் செய்தது என்பது ஐதிகம். வாசலோடு பார்த்துவிட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்தோம். பொழுது சாய்வதற்குள் கன்ஸெப்ஷன் விரிகுடாவின் கரையில் மோட்டார் வீடுகளின் வரிசையில் எங்கள் வீடும் போய் நின்றது. அலையே இல்லாத கடல். பெரிய தெப்பக்குளம் மாதிரி இருந்தது.

இரவு சாப்பாடு ஆயிற்று. சாவி அடுப்புக்குமேல் ஓர் ஆணியில் தொங்கியது. பெரியவர் படுக்கையில் உட்கார்ந்து பாதரக்ஷையைக் கழற்றினார். வழக்கமான அறிவிப்பை எதிர்பார்த்துக்கொண்டு நான் கடிகாரத்தைக் கையில் எடுத்தேன்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம்?" என்று அவர் அவளைக் கேட்டார்.