கார்த்திக் திட்டம்போட்டுத்தான் சொன்னானா?

மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’ வெளிவந்தது 2000-ல். இன்றைக்கும் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் போகிற என் வயதுக்காரர்களுக்கு, மாதவன் ஷாலினியிடம் மனதைத் திறக்கும் அந்த ரயில் வசனம் மனப்பாடம். கார்த்திக் அதைத் திட்டம்போட்டுச் சொன்னானா, இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னானா?

திட்டம்போட்டுத்தான் என்பது என் கட்சி. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று நேராகப் போட்டு உடைத்திருப்பான். இவனோ ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறான். முதல்நாள் ராத்திரி நாலு தடவையாவது சொல்லிப் பார்க்காமல் அது வராது. அதோடு, கையோடு பதில் கேட்காமல் யோசிக்கவும் சொல்கிறான். அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கல்யாணம் அப்படியில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சந்தித்து, பேச்சு தடித்து, காதல் முறிகிறது. மருத்துவ முகாமுக்குப் போன சக்தியைத் தேடி அலைந்து கண்டுபிடித்த பிறகு, பிரிவு தாங்காமல் எடுத்த முடிவு அது. ரகசியமாகத் தாலி, அப்புறம் அவரவர் வீடு. பெற்றவர்களிடம் எப்போது சொல்வது, எங்கே குடியிருப்பது என்று எதற்கும் ஏற்பாடு இல்லை. உண்மை தெரிந்ததும் இருவரும் தெருவுக்கு வருகிறார்கள். கட்டி முடிக்காத கட்டடத்தில் குடித்தனம். சமாதானம் ஆவதற்குள் சக்தியின் அப்பா இறந்துபோகிறார். காதலைச் சொல்ல அத்தனை யோசித்தவன், அடுத்த நாளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

போன மாதம் என் தோழிக்கு ஈ.சி.ஆர். கடற்கரையில் ‘ப்ரபோசல்’ நடந்தது. மோதிரம், கேக், மறைந்திருந்து படமெடுக்க போட்டோகிராபர் என்று எல்லாம் பக்கா. அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால், ‘உங்க வீட்டுல எப்போ சொல்லப்போற?’ என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவு ஏற்பாடு செய்தவனிடம் அதற்கு மட்டும் பதில் இல்லை.

“யோசிச்சுட்டு வா, அப்புறம் மோதிரம் போட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டாளாம்.

கார்த்திக்கிடம் சக்தி கேட்டிருக்க வேண்டியதும் அதுதான்.