இடையன்குடி வீடு

கால்டுவெல்லைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் 1856ல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அதை எழுதியவர் ஒரு வீட்டில் குடியிருந்தார், அந்த வீட்டில் இன்னொருத்தியும் அவருக்குச் சமமாக உழைத்தாள் என்பதெல்லாம் ஆராய்ச்சிக்கு அநாவசியம் போலும். எனக்கு இப்போது இலக்கணத்தைவிட அந்த வீட்டின் தினசரியில்தான் சிரத்தை.

1838ல் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல், 1841ல் பெரும்பகுதி நடந்தே திருநெல்வேலிச் சீமைக்குப் போய் இடையன்குடியில் தங்கினார். செம்மணல் தேரி, பனை, கடற்காற்று. 1844ல் எலைசாவை மணந்துகொண்டார். நாகர்கோவிலில் மிஷன் ஊழியம் பார்த்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள் அவள். அவர் தமிழைப் படித்துக் கற்றவர். அவளோ தமிழ் காதில் விழ வளர்ந்தவள். இந்த வித்தியாசம் சாமானியமானதல்ல. பேச்சில் எது இயல்பு, எது புத்தகத்தனம் என்று சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் பக்கத்திலேயே இருப்பது எந்த இலக்கணக்காரனுக்கும் சுலபத்தில் வாய்க்காது. இது என் ஊகம்தான். ஆனால் முகவுரைகளில் நன்றி சொல்லப்படும் கனவான்களைவிட இந்த ஊகத்தையே நான் அதிகம் நம்புகிறேன்.

பி.ஏ.யில் 'ஜேன் அயர்' படித்தவர்களுக்கு ஸெயின்ட் ஜான் ரிவர்ஸ் ஞாபகமிருக்கும். இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகிறவன். ஜேனை மனைவியாக அழைக்கிறான், அன்பினால் அல்ல, வேலைக்கு உதவுவாள் என்பதற்காக. ஜேன் மறுத்துவிடுகிறாள். நாவல் வெளிவந்தது 1847ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே எலைசா அப்படிப்பட்ட ஒரு வாழ்க்கைக்குச் சம்மதித்திருந்தாள். ஜேனின் மறுப்பை விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். சம்மதத்தைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. 'அயல்நாட்டு ஊழியம்' என்ற பதமே அவள் விஷயத்தில் பொருந்தவில்லை. நாகர்கோவிலில் வளர்ந்தவளுக்கு எது அயல்நாடு?

பனங்காட்டு ஊரின் நாளை வகுத்தது மாதாகோயில் மணி அல்ல, பதநீர். பருவத்தில் விடியும் முன்பே ஆண்கள் மரமேறுவார்கள், சாயங்காலம் மறுபடியும். இறக்கிய பதநீரைப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். சுள்ளி பொறுக்க, அடுப்பைப் பார்த்துக்கொள்ள, கைக்குழந்தையைத் தூக்க என்று ஒரு பெண்பிள்ளையின் பொழுது முழுவதும் வீட்டுக்குத் தேவை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று கேட்பது அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு கூலியாளைப் பிடுங்குவது மாதிரி. எலைசா அங்கேதான் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினாள். கூடவே லேஸ் பின்னக் கற்றுத் தந்தாள். அது தாய் வீட்டுச் சீதனம். மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் வேலையில் சம்பாதித்து, அடிமைப் பெண்கள் சிலர் எஜமானர்களிடமிருந்து தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ல். சட்டத்துக்கு முன்னால் நூல் போயிருக்கிறது. மதமாற்றத்தைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. இந்தத் தகவலின் முன் அதற்கு வேலையில்லை.

லேஸ் திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது. தார்க்குச்சியைப் பார்த்துப் பழகிய காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதைக் கற்பனை செய்துகொள்வது கஷ்டமில்லை. எங்கள் கிளைக்கு நகைக் கடனுக்காக ஒரு வயதான நெசவாளத் தம்பதி வந்தார்கள். படிவத்துக்காக அம்மாவின் தொழில் என்ன என்று கேட்டேன். "வீட்டுல சும்மாத்தான் சார் இருக்குது" என்றார் அவர். அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் அவரிடமே கேட்டாள்: "கோர்வைக்கு அந்தாண்ட இருந்து நாடா போடறது யாருங்க?" கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் சேர வேண்டுமானால் ஒற்றை ஆளால் தறியில் ஒன்றும் ஆகாது. அவர் சிரித்துவிட்டார். படிவத்தில் நெசவு என்று எழுதினேன். மிஷன் கணக்குகளிலும் இந்தக் கோர்வைக்கு இடமிருந்ததில்லை. சம்பளம் பொதுவாகக் கணவனுக்கு மட்டும். மனைவியின் வேலை அதற்குள் அடக்கம்.

கால்டுவெல்லை மகானாக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. பனையேறும் மக்களைப் பற்றி அவர் 1849ல் வெளியிட்ட சிறு நூல் பின்னால் அந்த மக்களிடமே பெரும் கோபத்தைக் கிளப்பியது. கூட வாழ்ந்தும் சரியாகப் பார்க்காமல் போகலாம் என்பதற்கு அது சாட்சி. நாள் முழுவதும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருந்த எலைசா அதைப் படித்து என்ன சொல்லியிருப்பாள்?

1847ல் ஆரம்பித்த இடையன்குடி மாதாகோயில் 1880ல்தான் முடிந்தது. 33 வருஷம். பிஷப்பான பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், 1883ல் தூத்துக்குடிக்குக் குடிமாறினார்கள். ஓய்வெடுக்கிற வயதில் புது ஊர், கல்லூரி, புது உப்புத் தண்ணீர். 1891 ஜனவரியில் பதவியை விட்டவர் ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து பீடத்தின் அடியில் புதைத்தார்கள். எலைசா 1899 வரை இருந்தாள்.

1968ல், எங்கள் ஊர்க்காரர் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது, உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தார்கள். கையில் புத்தகம் இருக்கிறது, ஆட்சேபணையில்லை. 2011ல் இடையன்குடி வீட்டை அரசு நினைவில்லமாக்கியது. அங்கே போனால் அவருடைய எழுத்துமேஜையைத் தேடப்போவதில்லை. பெண்பிள்ளைகள் திண்டும் குச்சியுமாக எந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள், அங்கே வெளிச்சம் போதுமானதாக இருந்ததா என்று பார்க்க வேண்டும்.