ஜிம்மியோடு ஒரு சிதம்பர யாத்திரை

உங்கள் வீட்டில் நாய் உண்டா? உண்டென்றால், நான் சொல்லப்போகும் சங்கடம் உங்களுக்குப் புதிதாக இராது. கல்யாணமா, சீமந்தமா, கோயில் யாத்திரையா, எதற்குக் கூப்பிட்டாலும் வீட்டு எஜமானி கேட்கும் முதல் கேள்வி, "நாயை யார் பார்த்துக்கொள்வது?" என்பதுதான். குழந்தையையாவது பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். நாயை எந்தப் பாட்டி வாங்கிக்கொள்வாள்?

எங்கள் அம்மா ஒன்பது வருஷமாகச் சென்னையை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. காரணம், ஜிம்மி. பெயர்தான் இங்கிலீஷே தவிர, ஆள் சுத்தமான நாட்டு நாய். ஒரு மழை நாளில் அப்பா சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த குட்டி. "இதை யார் பார்த்துக்கிறது?" என்று அம்மா அன்றைக்குப் போட்ட சண்டை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டு அம்மா வாசற்படியைத் தாண்டுவதில்லை. "சிதம்பரத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்று அப்பா வருஷா வருஷம் சொல்லி, வருஷா வருஷம் தள்ளிப் போட்ட பிரயாணமும் அப்படியே நின்றுபோயிற்று.

ஆகவே, இந்தத் தை மாதம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "ஜிம்மியை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம். அவனும் வருகிறான்!"

ரயிலில் நாயைக் கொண்டுபோவது லேசில்லை. குளிர்சாதன முதல் வகுப்பில் ஒரு 'கூபே' முழுவதையும் எடுத்துக்கொண்டால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டில் அடைத்துவிட வேண்டும். "கூண்டிலா? அதைவிட நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்றாள் அம்மா. தம்பி காரை எடுத்தான். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, ஜிம்மிக்குத் தண்ணீர் காட்டி, காலாற நடத்திக்கொண்டு போனோம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்குக் குளிர்ச்சி. காப்பி குடிக்க இறங்கும்போது ஜன்னலை ஏற்றிவிட்டு நாயைக் காருக்குள் விட்டுப் போகிற காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள்.

சிதம்பரத்தில் மூன்று விடுதிகளில் ஜிம்மியைப் பார்த்ததும் அறை நிரம்பிவிட்டது. நாலாவது விடுதிக்காரர், "பைரவர் வாகனமாச்சே, வராந்தாவில் படுக்கட்டும்" என்று பெரிய மனது பண்ணினார்.

அன்று சாயங்காலம் அம்மா கோயிலுக்குள் போனாள். நானும் ஜிம்மியும் கீழ வீதியில் தேர் நிலைக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த விபூதியில் துளி எடுத்து ஜிம்மியின் நெற்றியில் இட்டாள். பிறகுதான், "ஏண்டி, தில்லை தில்லை என்கிறார்களே, அந்தத் தில்லை மரம் எங்கே? கோயிலைச் சுற்றி ஒன்றையும் காணோமே?" என்று கேட்டாள். தில்லைதான் இந்தத் தலத்தின் விருட்சம். ஊருக்குப் பழைய பெயரே தில்லை. ஆனால் அந்த மரத்தைப் பார்க்க இப்போது பதினைந்து கிலோ மீட்டர் கிழக்கே, பிச்சாவரம் போக வேண்டும். "நாளைக்குக் காலையில் ஏரி, மத்தியானம் காடு" என்று திட்டம் போட்டோம்.

ஏரி என்றால், வீராணம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகன் குதிரையேறி வருவதே இந்தக் கரையில்தான், அதுவும் ஆடிப் பெருக்கன்று. பத்தாம் நூற்றாண்டில் முதல் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்து, தகப்பனாரின் விருதுப் பெயரால் வீரநாராயணன் ஏரி என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர்தான் மக்கள் வாயில் தேய்ந்து வீராணமாயிற்று. வெட்டிய பிள்ளை 949-ல் தக்கோலம் போரில் யானை மேலேயே உயிர் விட்டான். அவன் ஏரி மட்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. நீளம் ஏறக்குறைய 16 கிலோ மீட்டர். கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது.

காலை ஆறு மணிக்கு லால்பேட்டைப் பக்கத்தில் கரையேறினோம். பனி முழுக்க விலகவில்லை. ஒரு புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். மறு புறம் தாழ்வில் சம்பா அறுத்த வயல்களும், இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால்களும். நாரைகள் தண்ணீரோரத்தில் ஆடாமல் அசையாமல் நின்றன. கரை மேல் பஸ் போகிறதாகையால் ஜிம்மியின் வாரை நான் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, இது நம் வீட்டுத் தண்ணீர் தெரியுமா?" என்றான் தம்பி. உண்மைதான். 2004 முதல் இங்கிருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் வருகிறது. அம்மா நின்றுவிட்டாள். குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்த பழைய வருஷங்கள் ஞாபகம் வந்தன போலிருக்கிறது. கரையிலிருந்து இறங்கி, ஒரு கை நீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜிம்மிக்கு அந்தச் சம்பிரதாயமெல்லாம் தெரியாது. நேராக வாயை வைக்கப் போனான். இழுத்துவிட்டேன். தேங்கிய நீரால் நாய்க்கும் எலிக் காய்ச்சல் வரும். வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்தான் உத்தமம்.

தெருக் கோடி மளிகைக் கடைக்கு மேல் நடந்தறியாத அம்மா, அன்று மூன்று கிலோ மீட்டர் நடந்தாள். நடந்துகொண்டே அப்பாவைப் பற்றிப் பேசினாள். ஜிம்மிக்குப் பெயர் வைத்த கதை, ஒரு தரம் அவன் தொலைந்துபோய் அப்பா சாப்பிடாமல் கிடந்த கதை. நான் கேட்டுக்கொண்டே வந்ததில் கை தளர்ந்திருக்க வேண்டும்.

வயலில் வாத்து மேய்கிறது என்பதை எனக்கு முன்னால் ஜிம்மி பார்த்துவிட்டான். அறுவடையான வயல்களில் சிந்திய நெல்லுக்காக வாத்துக்காரர்கள் பெரிய மந்தைகளை ஓட்டி வருவார்கள். நானூறு ஐந்நூறு வாத்து இருக்கும். வார் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. சரிவில் ஒரே பாய்ச்சல்! அடுத்த நிமிஷம் வயல் முழுவதும் இறக்கையும் கூச்சலுமாக, பாதி வாத்து வரப்பைத் தாண்டி வாய்க்காலில் விழுந்துவிட்டது. எங்கள் ஜிம்மி கடிக்கிற நாய் அல்ல. அவனுக்கு அது விளையாட்டு. ஆனால், அது விளையாட்டு என்று வாத்துக்கு யார் சொல்வது?

வாத்துக்காரர் கோலை வீசவில்லை. வாரைக் காலால் மிதித்து நிறுத்தி, அதைத் தம்பி கையில் கொடுத்தார். அரை மணி நேரம் 'பா... பா...' என்று கூப்பிட்டு மந்தையைச் சேர்த்தார். எண்ணிப் பார்த்தார். அம்மா பணத்தை நீட்டினாள்.

"கணக்கு சரியா இருக்கும்மா, காசு வேணாம். பயந்த வாத்து நாலஞ்சு நாளைக்கு முட்டை வைக்காது. அதுக்கு நீங்க எவ்வளவு குடுப்பீங்க? நாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

அறைக்கு வந்து இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடும்போதுகூட யாரும் பேசவில்லை. சிதம்பரத்துக்கு வந்து கொத்சை ருசிக்காமல் விழுங்கினோம் என்றால், எங்கள் மனநிலையைப் புரிந்துகொள்வீர்கள்.

மத்தியானம் பிச்சாவரம் போய்ச் சேர்ந்ததும் அம்மாவே முந்திக்கொண்டாள். "ஜிம்மி படகுக்கு வர வேண்டாம். நானும் அவனும் இந்த மரத்தடியில் இருக்கிறோம். நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள்."

எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவளுக்குக் காட்டத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்! மனசில்லாமல்தான் படகில் ஏறினேன்.

ஆனால், அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது கால்வாய்க்குள் நுழைந்த பத்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவே, உப்பு நீரிலும் சேற்றிலும் ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் விரிந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாயிற்று. குறுகலான கால்வாய்களில் துடுப்புப் படகு மட்டுமே போகும். இரு கரையிலும் சுரபுன்னை வளைந்து வளைந்து வேர் ஊன்றி நிற்கிறது. தலைக்கு மேல் இலைப் பந்தல். துடுப்பு நீரைத் தொடும் சப்தம் தவிர வேறில்லை. ஒரு கொக்கு எழும்பினால் அதன் இறக்கை ஓசை காதில் விழுகிறது. இங்கே ஜிம்மி ஒரு தரம் குரைத்திருந்தால்?

"விடிகாலையிலே வந்தா நீர்நாய் பாக்கலாம், அக்கா. நரிகூட உண்டு" என்றார் படகுக்காரர். நீர்நாய்க்கு இடமுண்டு, நாய்க்கு இல்லையா என்று தம்பி வேடிக்கை பண்ணினான். விஷயம் வேடிக்கையல்ல. வீட்டு நாய்களுக்கு வரும் 'டிஸ்டெம்பர்' என்ற தொற்று நோய் காட்டு மிருகங்களுக்கும் பரவி, கூட்டங் கூட்டமாகக் கொல்லக்கூடியது. நம் நாட்டுத் தேசியப் பூங்காக்களில் செல்ல நாய்களை அனுமதிக்காததற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. ஜெர்மனியில், காட்டு வழிகளில் நாயோடு உலாவுவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம் என்றே சொல்லலாம். அங்கேயும் சில மாநிலங்களில் பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் வாரை அவிழ்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

திரும்பி வந்ததும் நான் கேட்ட முதல் காரியம், இன்னொரு படகுச் சீட்டு. ஜிம்மியைத் தம்பி பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை அம்மாவும் நானும்.

அம்மா மரத்தையோ வானத்தையோ பார்க்கவில்லை. சுரபுன்னைக் கிளையில் முருங்கைக்காய் போல் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "காயா?" என்று கேட்டாள்.

"நாத்தும்மா. விதை கீழே விழுந்தா அலை கொண்டு போயிடுமில்லே? அதனாலே தாய் மரத்திலேயே முளைச்சு, இவ்வளவு வளர்ந்த அப்புறம்தான் சேத்துலே குத்திக்கிட்டு நிக்கும்" என்றார் படகுக்காரர்.

அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. படகு அந்தக் கிளையைத் தாண்டிப் போன பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சற்றுத் தள்ளி, இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி ஒரு பெண் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். இங்குள்ள இருளர் குடும்பங்களுக்கு வலையும் தூண்டிலும் இல்லாத இந்தத் தொழில் கை வந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவு. அதே காட்டை ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகாக்கியிருக்கிறார்கள். வெட்டின இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, உப்புப் பூத்து, புல்கூட முளைக்காமற் போயிற்று. பிறகு வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, மீன் முள் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய் வெட்டிக் கடல் நீரை உள்ளே விட்ட பின்புதான் நாற்று பிடித்தது.

கடைசியாக, மேட்டில் நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். "இதுதாம்மா தில்லை." சில இலைகள் குங்குமமாய்ச் சிவந்திருந்தன. அம்மா கையை நீட்டினாள்.

"தொடாதீங்க! பால் கண்ணுலே பட்டா பார்வைக்கே ஆபத்து."

நீட்டிய கையை அம்மா கூப்பிக்கொண்டாள். "நல்ல வேளை, ஜிம்மி வரவில்லை. எதைக் கண்டாலும் மூக்கை வைப்பான்" என்றாள்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் கடலூர்த் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. அகலமான மணல், விடியல் நேரம், ஆளரவம் இல்லை. இங்கேயாவது வாரை அவிழ்க்கலாம் என்று தம்பி குனிந்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டித் தடுத்தார். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிடும் காலம். நாய்கள் மோப்பம் பிடித்துக் குழியைக் கிளறி முட்டையைத் தின்றுவிடும்.

தம்பி வாரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். கட்டின வாரோடு ஜிம்மி அலையைக் குரைத்தான், அலை வந்தால் ஓடினான், மறுபடி குரைத்தான். கட்டியிருக்கிறோம் என்று அவன் விசனப்பட்டதாகத் தெரியவில்லை.

போக உத்தேசமுள்ளவர்களுக்கு இரண்டொரு விஷயம்: வெறிநாய்க்கடி ஊசி போட்ட சீட்டைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கரையோரக் கிராமங்களில் உள்ளூர் நாய்கள் எல்லை காக்கும். ஓடாதீர்கள், நிதானமாக ஒதுங்கிப் போங்கள். ஒன்பது மணிக்குமேல் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். இராத்திரி காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு நாலு கிடைத்தது.

புதுச்சேரி தாண்டும்வரை அம்மா தூங்கிக்கொண்டுதான் வந்தாள். ஜிம்மி தலை அவள் மடியில். திடீரென்று கண்ணைத் திறந்து, "ஏண்டி, ஆடிப் பெருக்குக்கு அந்த ஏரியில் தண்ணீர் இருக்குமா?" என்று கேட்டாள்.

"மேட்டூர் திறந்தால் இருக்கும் அம்மா. ஏன்?"

"சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகலாம். அந்த வாத்துக்காரர் அப்போது எங்கே மேய்க்கிறாரோ, விசாரித்து வை."