சிலிகான் கையிடம் எதைக் கேட்கலாம்

டாட்டூ கற்றுக்கொள்பவரின் மேசையில் இப்போது ஒரு சிலிகான் கை கிடக்கிறது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நகம், மூட்டுச் சுருக்கம், உள்ளங்கை ரேகை எல்லாம் வைத்து வார்த்தது. பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் தட்டையான சிலிகான் ஷீட்டுகள். இவற்றைப் பற்றித் தொழிலுக்குள் இரண்டு கட்சி உண்டு. இதில் நூறு டிசைன் போட்டு முடித்தவர் மனிதர் மேல் கைவைக்கலாம் என்பது ஒரு கட்சி. ரப்பரில் குத்தினால் ரப்பரில் குத்தத்தான் வரும், தோல் தோலில்தான் வரும் என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு வேறு பதில் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சிலிகான் உடம்புக்கு ஈடாகுமா என்பது அந்தக் கேள்வி. ஈடாகாது, அதில் வாதாட எதுவும் இல்லை. கையின் எந்த வேலையை இந்தப் பொருளில் பழகலாம், எதைப் பழகவே கூடாது என்பதில்தான் நாம் கறாராக இருக்க வேண்டும்.

இந்தக் கறார் நம் நாட்டில் புதிதல்ல. சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க அறுவை மருத்துவ மாணவனின் பயிற்சியைப் பற்றியது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்கள். ரத்தக்குழாயைத் திறந்து பழக, இறந்த விலங்கின் குழாயும் தாமரைத் தண்டும். தையலுக்குத் தடித்த துணியின் ஓரமும் மெல்லிய தோலும். கட்டுப்போட, துணியால் செய்த முழு ஆள் பொம்மை. நூலெல்லாம் படித்தவனும் இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. இதில் என்னைக் கவர்வது பட்டியலின் நீளம். மனித உடம்புக்கு இதுதான் மாற்று என்று ஒரே பொருளை அந்த ஆசிரியர் காட்டவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் அந்தச் செயலில் மட்டும் உடம்பை ஒத்திருக்கும் பொருளைத் தேடியிருக்கிறார். தாமரைத் தண்டு எந்த விதத்திலும் மனிதக் கை அல்ல. உள்ளே குழாய் இருக்கிறது, அந்த ஒரு வேலைக்கு அது போதும்.

அப்படிப் பார்த்தால் சிலிகானின் வேலை ஆழத்தைக் கற்றுத்தருவது. மெஷினில் ஊசி விநாடிக்குச் சுமார் 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குக் கோடாகத் தெரிவது நெருக்கமான துளைகளின் வரிசைதான். மேல்தோல் உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், ஒரு மாத அளவில் உதிர்ந்து புதிதாகிவிடும். மை அங்கேயே நின்றுவிட்டால் புண் ஆறும்போது கோடும் உதிர்ந்து இடையிடையே விட்டுப்போகும். மை தங்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள உள்தோலில். அதையும் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கினால் மை பக்கவாட்டில் கசிந்து, கோட்டைச் சுற்றி நீல நிழல் போலப் படியும். ப்ளோஅவுட் என்பது அதுதான். மேலேயும் இல்லாமல் கீழேயும் போகாமல் நிற்கக் கைக்குக் கிடைக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். மனிதத் தோலில் போட்ட கோடு எவ்வளவு ஆழம் போனது என்று திறந்து பார்க்க வழியில்லை. சிலிகானில் உண்டு. கோட்டுக்குக் குறுக்கே பிளேடு போட்டு வெட்டி, வெட்டுவாயை வெளிச்சத்துக்கு நேராக வளைத்துப் பிடித்தால், மை இறங்கிய தடம் கறுத்த முடி போல நிற்கும். கோடு தொடங்கும் இடத்தில் வெட்டினால் தடம் நீளமாக இருக்கும். ஊசியை வைத்த கை அங்கே ஒரு கணம் தயங்கியிருக்கிறது. நடுவில் சமமாகும். வளைவில் தடம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால், மணிக்கட்டு திரும்பும்போது மெஷினும் கூடவே சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். கற்பவர் பத்து ஷீட் போட்டுப் படம் எடுத்துக் காட்டுவதைவிட, ஒரே ஷீட்டைப் பத்து இடத்தில் வெட்டிப் பார்ப்பதில் அதிகம் கற்கிறார் என்பேன்.

சிலிகான் கையைக் கனமாக்கிவிடும் என்பது இதற்கு வரும் வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. சிலிகான் தோலைவிட விறைப்பு. மையை எளிதில் வாங்காது. கற்பவர் தன்னையறியாமல் அழுத்துவார், அந்த அழுத்தம் நாளைக்கு ஒருவரின் விலாவின் மேல் இறங்கும். ஆனால் மேலே தெரியும் கறுப்பைப் பார்த்துத் திருப்திப்படுபவருக்குத்தான் இந்த ஆபத்து. வெட்டிப் பார்ப்பவர் தன் அழுத்தத்தைத் தன் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். லேசான கைக்கு வேறு பொருளும் இருக்கிறது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் ஊசி கொஞ்சம் அதிகம் போனாலும் சதை கன்றிக் காட்டிக்கொடுக்கும். சிலிகானில் பழகிய அன்றே வாழைப்பழத்திலும் நாலு கோடு போடுவது இந்தக் கனத்துக்கு நல்ல மருந்து.

தட்டை ஷீட் தராத ஒன்றை வார்த்த கை தருகிறது. தாளில் நேராக இருந்த ஸ்டென்சில் மணிக்கட்டைச் சுற்றும்போது இரண்டு முனையும் சந்திக்காமல் போவதை அதில்தான் பார்க்க முடியும். சுத்தத்தையும் அதிலேயே பழக வேண்டும். கையுறை, மெஷினுக்கும் ஒயருக்கும் பிளாஸ்டிக் உறை, பயன்படுத்திய கார்ட்ரிட்ஜுக்குத் தனியே மூடிபோட்ட கெட்டியான டப்பா. ரப்பர்தானே என்று வெறுங்கையால் துடைத்துப் பழகினால் அந்தக் கை ஹெபடைடிஸ்-பி பரவக்கூடிய இடத்திலும் அப்படியே நீளும்.

இனி சிலிகான் தராதவை. முதலாவது, தோலை இழுத்துப் பிடிப்பது. சிலிகான் தானே இறுக்கமாக இருப்பதால் இடது கைக்கு வேலையே இல்லாமல் போகிறது. உண்மையில் கோட்டில் பாதி இடது கை போடுவது. சமோவாவில் பாரம்பரிய முறையில் குத்தும்போது தோலை இழுத்துப் பிடிக்கவென்றே உதவியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலை அவ்வளவு பெரியது. இதைப் பழக மெஷினே வேண்டாம். நண்பரின் கையை வாங்கி, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, இடது கையால் மூன்று பக்கமும் இழுத்து ஒரு கோடு வரைந்தால் போதும். மூச்சு விடும்போது விலா ஏறுவதும், முழங்கையின் உட்புறத்தில் தோல் நழுவுவதும், கூச்சத்தில் சதை துடிப்பதும் பேனா முனையிலேயே தெரியும். தப்பினால் சோப்பு போட்டுக் கழுவிவிடலாம்.

தன் தொடையிலேயே குத்திப் பழகுவதுதான் நேர்மை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஜப்பானில் சீடர்கள் அப்படிப் பழகிய வழக்கம் பெயர்பெற்றது. தன் வலியைத் தெரிந்துகொண்டவர் பிறர் வலியில் அலட்சியம் காட்டமாட்டார் என்பதும் சரி. ஆனால் வலியை அறிவது வேறு, கோணத்தை அறிவது வேறு. தன் தொடைக்கு மேல் குனிந்து குத்தும் கோணம் எதிரே படுத்திருப்பவருக்குப் பொருந்தாது. வலிக்கிற தொடையும் குத்துகிற கையும் ஒரே ஆளுடையவை என்பதால் கை இயல்பாகவும் இயங்காது. ஆழம் பிடிபட்ட பிறகு ஒரு சின்னக் கோட்டைத் தன் மேல் போட்டுக்கொள்ளலாம். ஆழம் தெரியாமல் போட்டுக்கொள்வது ஒரு உடம்பைப் பாழாக்குவது. அந்த உடம்பு தன்னுடையதாக இருந்தாலும்.

சிலிகான் தராத இரண்டாவது விஷயம் காலம். இது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. சிலிகானில் போட்டது போட்டபடி இருக்கும். சிவக்காது, பொருக்கு கட்டாது, ஆறாது. அதனால்தான் படத்தில் அது மனிதத் தோலில் போட்டதைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. அந்தப் படத்தைச் சிலிகான் என்று சொல்லாமல் வாடிக்கையாளரிடம் காட்டுவது பொய். உடம்பில் டாட்டூ அசையாமல் கிடப்பதில்லை. உள்தோலில் இருக்கும் ஒருவகைச் செல்கள் மையை விழுங்கி வைத்திருக்கின்றன. அவை இறக்கும்போது வெளியேறும் மையைப் புதிதாக வரும் செல்கள் பிடித்துக்கொள்கின்றன என்று 2018இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். நிறத்தையும் சிலிகான் காட்டாது. நமக்கு மாநிறம் தரும் நிறமி மேல்தோலில் இருக்கிறது, மை அதற்குக் கீழே. எந்த வண்ணத்தையும் அந்தப் பழுப்பின் வழியாகத்தான் பார்க்கிறோம். பழுப்புச் சிலிகான் வாங்கினாலும் இந்த அடுக்கு அதில் கிடையாது. அதில் பளிச்சென்று நின்ற மஞ்சளை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

காலத்தைக் காட்ட நம் ஊரில் வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குறவர் பெண்கள் வீடு தேடி வந்து குத்திய பச்சைக் கோலங்கள் வயதான பெண்களின் முன்கையில் இன்னும் இருக்கின்றன. கரிய மை தோலுக்கடியில் ஒளி சிதறி நீலப்பச்சையாகத் தெரிகிறது. கோடுகள் தடித்துவிட்டன, ஓரம் மங்கிவிட்டது. ஆனாலும் கோலத்தைப் படிக்க முடிகிறது. குத்தியவர் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறார். மை பரவிய பிறகும் அந்த இடம் மீதமிருக்கிறது. அனுமதி கேட்டு ஒரு ஸ்கேலை அந்தக் கையில் வைத்து அளந்துகொண்டு வந்தால், சிலிகான் கையில் அடுத்து போடும் கோட்டுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பது தெரிந்துவிடும்.